குடலிறக்கம்: ஒப்பரேசனுக்குப் பிறகு எப்படி வாழலாம்?

(எமது சங்கத்தின் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடையை இயன்றவரை மாற்றாமல் தந்திருக்கிறோம்.)

 

ஏன் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நோட்டீசில் தலைப்பைப் போட்ட உடனேயே ஒருவர் ரெலிபோன் எடுத்து, "பொம்பிளையளும் வாற கூட்டத்திலை இதையோ கதைக்கப் போறியள்?" எண்டு கேட்டார். ஓம், இதைத்தான் கதைக்கப் போறன். பொம்பிளையளுக்கும் இது வரும். அவர்களுக்கு வந்தால் ஆபத்துக் கூட. அதைப் பிறகு சொல்லுறன்.

நான் வைத்தியரல்ல. ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் எங்கட ஆக்களுக்கும் வைத்தியர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவன். அதனால் வைத்தியர் சொல்லுறதும் எனக்குக் கேட்கும், நோயாளி சொல்லாமல் விழுங்குறதும் எனக்குத் தெரியும். குடலிறக்கம் விஷயத்தில் விழுங்குறதுதான் அதிகம். யாருடைய பெயரும் ஊரும் இந்தப் பேச்சில் வராது, பயப்படாதேங்கோ.

முதலில் பெயர்க் குழப்பம். ஊரில் அடிவயிற்றுக்குக் கீழே எது வீங்கினாலும் 'ஓதம்' என்று ஒரே சொல்லில் முடித்து விடுவார்கள். விதைப்பையில் நீர் சேருவது வேறு, குடல் இறங்குவது வேறு. முதலாவது பொதுவாக அவசரமில்லை. இரண்டாவது சில வேளைகளில் சில மணித்தியாலங்களுக்குள் உயிர்ப் பிரச்சினையாகிவிடும். ஆகவே வைத்தியரிடம் போய், "ஊரிலை இருக்கேக்கையே ஓதம் இருந்தது" எண்டு ஒரு வசனத்தோடு விடாமல், எப்போது வீங்குகிறது, படுத்தால் உள்ளே போகிறதா, இருமினால் துருத்துகிறதா என்று சொல்லுங்கோ. அந்த மூன்று விபரமும்தான் வைத்தியருக்குத் தேவை.

குடலிறக்கம் என்றால் என்ன? யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடின ஆக்களுக்குச் சுகமாக விளங்கும். ரயரில் ஓரிடம் தேய்ந்து வெடித்தால், உள்ளே இருக்கிற ரியூப் அந்த ஓட்டையால் முட்டை மாதிரி வெளியே தள்ளும். வயிற்றுச் சுவர் ரயர், குடலும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பும் ரியூப். கவட்டில் தள்ளலாம், தொப்புளில் தள்ளலாம், முன்பு ஒப்பரேசன் செய்த வெட்டுக் காயத்தாலும் தள்ளலாம். குளிசையால், எண்ணெயால், கசாயத்தால் ரயர் வெடிப்பு ஒட்டாது. இடுப்புப் பட்டி கட்டினால் கொஞ்சம் சுகமாக இருக்கும், ஓட்டை அப்படியேதான் இருக்கும். பெரியவர்களில் இதற்கு மருத்துவம் சத்திரசிகிச்சை ஒன்றுதான்.

அப்படியெண்டால் கண்டவுடனே வெட்ட வேணுமோ? இல்லை. அமெரிக்காவில் நோவு இல்லாத, அல்லது மிகக் குறைந்த நோவுள்ள 720 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. பாதிப்பேருக்கு உடனே ஒப்பரேசன், மற்றப் பாதிப்பேருக்குக் கண்காணிப்பு மட்டும். கண்காணிப்பில் இருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமானது வருடத்துக்கு 1000 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்து வந்தபோது, 10 வருடத்துக்குள் 68 வீதமானவர்கள் நோ கூடியதால் தாங்களாகவே ஒப்பரேசனுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே பொறுத்திருக்கலாம், பெரும்பாலும் என்றைக்கோ ஒருநாள் செய்யத்தான் வேண்டிவரும். அந்த நாளை நீங்களும் வைத்தியரும் தெரிவு செய்தால் நல்லது. இந்தக் கணக்கு நோவில்லாத ஆண்களுக்கு மாத்திரம். பெண்களுக்குக் கவட்டில் வருகிறது தொடைப் பக்கமாக இறங்குகிற வகையாக இருக்கக்கூடும். அது சிக்கிக்கொள்வது அதிகம் என்பதால் பெண்களைப் பொறுத்திருக்கச் சொல்லுவதில்லை. கைக்குழந்தைகளுக்கும் அப்படித்தான், காலம் கடத்துவதில்லை.

சிக்கிக்கொண்டால் எப்படித் தெரியும்? வழக்கமாக உள்ளே போகிற வீக்கம் போகாது. தொட்டால் கல்லு மாதிரி இருக்கும். நோ ஏறிக்கொண்டே போகும், சத்தி வரும், வயிறு ஊதும், காற்றும் மலமும் போகாது, மேல்தோல் சிவக்கும் அல்லது கறுக்கும். அந்த நேரம் அமத்திப் பார்க்கிறதும் இல்லை, ஒத்தணம் கொடுக்கிறதும் இல்லை, மகன் வேலையால் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறதும் இல்லை. 911தான். இரத்தம் ஓடாத குடல் செத்துப்போனால் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டிவரும். அரை மணித்தியால ஒப்பரேசன் பல கிழமை ஆஸ்பத்திரி வாசமாக மாறிவிடும்.

இனி எங்கட ஊர்க் கதை. இந்த ஊர் என்றால் ரொறன்ரோ. குடலிறக்கத்துக்கென்றே உலகம் அறிந்த ஒரு வைத்தியசாலை எங்களுக்குப் பக்கத்தில், தோர்ன்ஹில்லில், பேவியூ அவெனியூவில் இருக்கிறது. ஷோல்டைஸ் வைத்தியசாலை. எங்கட ஆக்களில் பலர் அந்த வாசலால் வாகனம் ஓட்டிப் போயிருப்பினம், ஏதோ பணக்காரர் வீட்டுத் தோட்டம் என்று நினைத்திருப்பினம். முந்தி அது பணக்காரர் வீடுதான். குளோப் அன்ட் மெயில் பத்திரிகையின் அதிபராக இருந்த ஜோர்ஜ் மக்கலாவின் வளவு. 1953இல் அதை வைத்தியசாலைக்காக வாங்கினார்கள்.

இதைத் தொடங்கிய டொக்டர் எட்வேர்ட் ஏர்ல் ஷோல்டைஸ் 1932இல் 7 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் குடல்வால் ஒப்பரேசன் செய்தார். அந்தக் காலத்தில் ஒப்பரேசன் செய்தால் கிழமைக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும். இந்தப் பிள்ளை சொல்வழி கேட்கவில்லை, எழும்பித் திரிந்தாள். ஒன்றும் பழுதாகவில்லை. மனிசன் அதைக் கவனித்து மனதில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. படையில் சேர வந்த இளைஞர்களில் பலரைக் குடலிறக்கம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிகளில் கட்டில் இல்லை, மூன்று கிழமை படுக்க வைக்க இடமில்லை. அவர் தன்னுடைய முறையில் 70 பேருக்குச் செய்து, உடனேயே நடக்கவும் விட்டார். யுத்தம் முடிகிற வேளையில், 1945 ஜூலையில், ரொறன்ரோ நகருக்குள் ஆறு அறை கொண்ட ஒரு சின்ன இடத்தில் தொடங்கியதுதான் இன்றைய வைத்தியசாலை.

இங்கே நோயாளி ஒப்பரேசன் மேசையிலிருந்து எழும்பி, கைத்தாங்கலாகத் தானே நடந்து போவார். முழு மயக்கம் கொடுப்பது அரிது, பெரும்பாலும் அந்த இடத்தை விறைக்கப் பண்ணி, நித்திரைத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்துச் செய்வார்கள். வயிற்றுச் சுவரின் படைகளை மெல்லிய உருக்குக் கம்பியால் நாலு வரிசையாகத் தைப்பார்கள். வலை வைத்துத் தைப்பது மிகக் குறைவு. அடுத்தநாள் உடற்பயிற்சி. சாப்பாடு கட்டிலுக்கு வராது, சாப்பாட்டு அறைக்கு நடந்து போக வேணும். நடக்க வைக்கிறதுக்கென்றே கட்டிடத்தையும் தோட்டத்தையும் அமைத்திருக்கினம். இரவில் தேத்தண்ணிக்கு எல்லோரும் கூடுவார்கள். நாளைக்கு ஒப்பரேசன் உள்ளவர் இன்றைக்குச் செய்தவரோடு கதைத்துப் பயம் தெளிகிறார். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த விஷயம். வைத்தியர் ஆயிரம் சொன்னாலும், "நேற்று வெட்டினது, இண்டைக்கு நடக்கிறன் பாருங்கோ" எண்டு இன்னொரு நோயாளி சொல்லுற மாதிரி வராது.

இது விளம்பரமோ, உண்மையாகவே நல்லதோ என்று கேட்பீர்கள். ஒன்ராறியோவில் 1993இலிருந்து 2007 வரை கவட்டுக் குடலிறக்க ஒப்பரேசன் செய்த 2 இலட்சத்து 35 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2016இல் கனேடிய சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் வந்தது. வயது வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், திரும்பவும் குடலிறங்கி மறுபடி ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தவர்கள் ஷோல்டைஸில் 1.15 வீதம். குறைவாக ஒப்பரேசன் செய்கிற பொது ஆஸ்பத்திரிகளில் 5.21 வீதம், கூடுதலாகச் செய்கிற பொது ஆஸ்பத்திரிகளிலும் 4.79 வீதம். அதேநேரம் இன்னொன்றையும் பார்க்க வேணும். ஷோல்டைஸில் ஆளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நிறை கூடினவர்களை முதலில் குறைத்துக்கொண்டு வரச் சொல்லுவார்கள். கடுமையான வேறு வருத்தம் உள்ளவர்கள் அங்கே போகமாட்டார்கள். ஆகவே வித்தியாசம் முழுவதும் தையலால் மட்டும் வந்தது என்று சொல்லேலாது. ஆனாலும் ஒரே வேலையை ஒவ்வொரு நாளும் செய்கிற கைக்கு ஒரு பெறுமதி இருக்கிறது என்பது என்னுடைய எண்ணம். ஒப்பரேசன் செலவு ஓஹிப்பில் அடங்கும். அறைக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டியிருக்குமோ, வேலைத்தலக் காப்புறுதி அதைத் தருமோ என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கோ.

திரும்ப வராமல் விட்டால் மட்டும் ஒப்பரேசன் வெற்றி என்று நினைத்த காலம் போய்விட்டது. இப்போது வைத்தியர்கள் கேட்பது, இந்த மனிசன் மூன்று மாதத்துக்குப் பிறகு எப்படி வாழுகிறார் என்றுதான். குனிந்து சப்பாத்து நூல் கட்டுகிறாரா? பிள்ளையைத் தூக்குகிறாரா? சுரங்க ரயில் படியில் ஏறுகிறாரா? இரவில் நித்திரை வருகிறதா? 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டலின்படி, கவட்டுக் குடலிறக்கம் செய்தவர்களில் 100க்கு 10 தொடக்கம் 12 பேருக்கு மூன்று மாதம் தாண்டியும் தொந்தரவான நோ நிற்கிறது. வேலையையும் வாழ்க்கையையும் பாதிக்கிற அளவான நோ அதைவிடக் குறைந்த ஆட்களுக்குத்தான். ஆனால் அந்தக் குறைந்த ஆட்களில் நீங்கள் ஒருவராக இருந்தால் வீதக் கணக்கு ஒரு ஆறுதலும் தராது.

இங்கேதான் மொழி வருகிறது. எங்கட ஆக்கள் வைத்தியரிடம், "நோகுது" எண்டு ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். தமிழில் எத்தனை சொல் இருக்கு! குத்து, உளைவு, எரிவு, விறைப்பு, சுள்ளென்று இழுக்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது. எரிவும் விறைப்பும் மின்சாரம் அடிக்கிற மாதிரி இழுப்பும் நரம்பு சம்பந்தப்பட்ட நோவாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, ஊசி வேறு. இறுக்கிப் பிடிக்கிறது தழும்பாலோ வலையாலோ இருக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ, நாங்கள் மொழிபெயர்த்துக் கொடுக்கிறம். தயவுசெய்து மகளையோ பேரப்பிள்ளையையோ மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. பேரப்பிள்ளைக்கு முன்னால் எந்த ஐயா தன்ர கவட்டு நோவைப் பற்றிக் கதைப்பார்? ஒருவரும் கதைக்கமாட்டினம். கேட்டால் ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தரும், ரெலிபோனிலாவது தரும்.

வலையைப் பற்றிப் பயம் இருக்கு. ரிவியில் வழக்கறிஞர்களின் விளம்பரம் பார்த்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. வலை என்பது பிளாஸ்ரிக் நூலால் பின்னின துண்டு. வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் ஒட்டுப் போடுகிற மாதிரி வைக்கிறது. உலகத்தில் இன்று பெரும்பாலான குடலிறக்கம் வலை வைத்துத்தான் தைக்கப்படுகிறது. அதன் விலை பெரிய பிரச்சினையாக இருந்த காலத்தில், இந்தியாவில் மகாராஷ்டிராவின் தொண்டாய்ச்சா என்ற சின்ன ஊரில் டொக்டர் ரவீந்திரநாத் தொங்காவ்ங்கர் நுளம்பு வலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கிப் பாவித்தார். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். 2016இல் உகண்டாவில் 302 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வில், மலிவு வலை வைத்தவர்களில் ஒரு வருடத்துக்குள் ஒரேயொருவருக்குத்தான் திரும்ப வந்தது. விலை கூடின வலை வைத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. சிக்கல்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வலை என்றால் நஞ்சும் இல்லை, மந்திரமும் இல்லை. உங்களுக்கு ஏன் வலை, ஏன் வலை இல்லை, எந்த இடத்தில் வைக்கப் போகினம், நீங்கள் வருடத்துக்கு எத்தனை ஒப்பரேசன் செய்யிறனீங்கள் என்று வைத்தியரிடம் கேட்கலாம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று இங்கே ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

அடுத்தது எங்கட சமூகத்துக்கென்றே உள்ள விஷயம். வெட்டுக் காயத்தால் இறங்குகிற குடல். எங்களில் எத்தனை பேருக்கு வயிற்றில் நெடுக வெட்டின தழும்பு இருக்கு! ஷெல் துண்டு எடுத்தது, சன்னம் எடுத்தது, போதிய மருந்தும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் அவசரமாகத் தைத்தது, காயம் சீழ் பிடித்துக் கிழமைக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. வெட்டிப் பிள்ளை எடுத்த தாய்மாரின் தழும்பு இன்னொரு பக்கம். சீழ் பிடித்த காயம் உள்ளே பலமாக ஒட்டாது. வருடங்கள் கழித்து அந்த இடம் பிதுங்கும். இதை "பழைய காயம்தானே" எண்டு விட்டவர்கள் ஏராளம்.

இந்த வகை திரும்ப வருவது கூட. ஒல்லாந்தில் செய்து 2000இல் வெளிவந்த ஆய்வில், வெறும் தையலால் மூடினவர்களில் மூன்று வருடத்துக்குள் 43 வீதமானவர்களுக்குத் திரும்ப வந்தது, வலை வைத்தவர்களில் 24 வீதம். பத்து வருடம் பார்த்தபோது 63உம் 32உமாக ஏறியது. ஆகவே கவட்டுக் குடலிறக்கத்தில் வலை இல்லாமல் நல்லாய் வந்தது என்பதை வைத்து வயிற்று வெட்டுக் குடலிறக்கத்துக்கும் அதையே கேட்கக் கூடாது. முதல் ஒப்பரேசனிலேயே எப்படித் தைக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2015இல் வந்த இன்னொரு ஒல்லாந்து ஆய்வில், சின்னச் சின்னத் தையலாக நெருக்கித் தைத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் 13 வீதம்தான் குடலிறங்கியது, பெரிய தையலாகத் தைத்தவர்களுக்கு 21 வீதம். எங்கட அம்மாமார் கிழிந்த சாறத்தை நெருக்கித் தைத்தது சும்மா இல்லை.

போரில் பட்ட காயம் என்றால் எப்படிப் பட்டது, எந்த வருடம், எத்தனை தரம் வெட்டினார்கள், உள்ளே துண்டு ஏதும் இன்னும் இருக்கிறதா என்று சத்திரசிகிச்சை நிபுணருக்குச் சொல்லுங்கோ. எம்ஆர்ஐ எடுக்கிறவருக்குக் கட்டாயம் சொல்ல வேணும், உலோகம் உள்ளே இருந்தால் அந்தக் காந்தம் ஆபத்து. அகதிக் கோரிக்கை வழக்கு நடக்கிறவர்கள், சொன்னால் வழக்குக்குப் பாதிப்போ எண்டு பயப்படுவினம். வைத்தியரிடம் சொல்வது இரகசியமாக வைக்கப்பட வேண்டியது. மறைத்தால் ஒப்பரேசன் மேசையில்தான் வெளிவரும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அகதிக் கோரிக்கை நடக்கிற காலத்தில் ஓஹிப் இல்லாதவர்களுக்கு இடைக்கால சமஷ்டி சுகாதாரத் திட்டம் இருக்கிறது. 2010இல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தது நினைவிருக்கும். அவர்களில் பலரின் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2012 ஜூன் 30இல் அந்தத் திட்டத்தை அரசாங்கம் வெட்டிக் குறைத்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களுக்குத் தொற்றுநோய் போன்ற பொது ஆபத்து இருந்தால் மாத்திரம் சிகிச்சை என்ற நிலை வந்தது. குடலிறக்கம் ஊருக்குத் தொற்றாது, ஆகவே அவர்களுக்குப் பட்டிதான் மருந்து. 2014 ஜூலையில் சமஷ்டி நீதிமன்றம் அந்த வெட்டு கொடூரமானது, அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் திட்டம் முழுமையாகத் திரும்பி வந்தது. விதிகள் மாறுகிறவை, ஆகவே போகும் முன் கிளினிக்கில் ஏற்பார்களோ எண்டு கேட்டுவிட்டுப் போங்கோ.

வேலைத்தலத்தில் பாரம் தூக்கும்போது வந்ததென்றால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கோ. வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபைக்கு உங்கட பத்திரத்தை 6 மாதத்துக்குள் கொடுக்க வேணும். "வேலை போயிடும்" எண்டு பட்டியைக் கட்டிக்கொண்டு பெட்டி தூக்கினவர்களை எனக்குத் தெரியும். வேலை போகவில்லை, குடல்தான் போனது.

ஒப்பரேசனுக்கு முன்னால் செய்ய வேண்டியது மூன்று. சிகரெட்டைக் குறைந்தது நாலு கிழமை முன்னம் விடுங்கோ, இருமல் தையலுக்கு எதிரி, புகை காயத்தை ஆறவிடாது. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்க வேணும், அது எங்கட வீடுகளில் இல்லாத வீடு இல்லை. வயிற்றைக் குறையுங்கோ. மூன்றாவதைச் சொல்லும்போது நானும் என்ர வயிற்றைப் பார்க்கிறன், நீங்களும் பார்க்கிறீர்கள், விடுவம்.

பிறகு என்ன? முதல் நாளே நடக்க வேணும். ஊர் வழக்கப்படி படுக்கையும் பத்தியமும் என்று கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும். கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி கிரந்தி, அந்த மீன் கிரந்தி என்று எல்லாவற்றையும் நிறுத்திப்போட்டு, சோறும் ரசமும் மட்டும் கொடுத்தால் மலம் இறுகும். இறுகினால் முக்க வேணும். முக்கினால் தையல் இழுபடும். கீரை, பருப்பு, பழம், தண்ணி தாராளமாகக் கொடுங்கோ. காயம் ஆறப் புரதம் வேணும், மீனும் முட்டையும் சாப்பிடலாம். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கோ. ஆண்களுக்கு விதைப்பை வீங்கி நீலம் பாய்ந்திருக்கும், பயப்பட வேண்டாம், கிழமைக்கணக்கில் வடியும். காய்ச்சல் வந்தாலோ காயத்தால் சீழ் வந்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கோ. "ஆண்மை போயிடுமோ" எண்டு கதவைச் சாத்தின பிறகு கேட்பினம். போகாது. நோ குறைந்தவுடன் வழமைக்குத் திரும்பலாம்.

கவட்டு ஒப்பரேசன் என்றால் இலேசான வேலைகளுக்குச் சில நாளிலேயே போகலாம். பாரமான வேலைக்குப் பொதுவாக 4 தொடக்கம் 6 கிழமை என்று வைத்தியர்கள் சொல்லுவினம். பெரிய வயிற்று ஒப்பரேசனுக்கு இன்னும் கூட. சினோ தள்ளுகிறது பாரமான வேலைதான், அதைப் பெடியளிட்டை விடுங்கோ. வேலைக்குத் திரும்பும்போது எத்தனை றாத்தல் தூக்கலாம், எத்தனை மணித்தியாலம் நிற்கலாம் என்று வைத்தியரிடம் எழுத்தில் வாங்குங்கோ. "பாரம் குறைந்த வேலை" என்று மட்டும் எழுதின கடிதத்தை முதலாளி தன்ர இஷ்டத்துக்கு வாசிப்பார்.

மூன்று மாதம் கழிந்தும் நோ நின்றால், "ஒப்பரேசன் செய்தது தானே, இருக்கத்தான் செய்யும்" எண்டு வீட்டில் இருக்காதேங்கோ. செய்த நிபுணரிடமே திரும்பப் போங்கோ. அவர் பார்க்காவிட்டால் குடும்ப வைத்தியர் மூலம் நோ சிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ. காத்திருக்கும் பட்டியல் நீளம், ஆகவே கெதியாய்க் கேட்கிறது நல்லது.

நேரம் போட்டுது, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். கேள்வி கேட்க வெட்கப்படுகிறவர்கள் ஒரு துண்டில் எழுதி, பெயர் போடாமல், வாசலில் இருக்கிற பெட்டிக்குள் போடுங்கோ. இடைவேளைக்குப் பிறகு வாசிச்சுப் பதில் சொல்லுறன்.